மூன்றரைத் தொன் இழுவை

சுவிஸ் நாட்டின் வில் நகரத்தில் மகேந்திரன் வீட்டிலிருந்து அவர் வேலைசெய்யும் யன்னல் தொழிற்சாலைக்கு நாலு கிலோமீற்றர். தெரு தோசைக்கல்லைப் போல மட்டமானது. பனி விழுந்தால் அவர் கண் முழிப்பதற்கு முன்னமே நகரசபை வண்டி வழித்துவிட்டுப் போய்விடும். இந்த நாலு கிலோமீற்றரைக் கடப்பதற்குத்தான் அவர் போன ஆவணியில் ஒரு ஜீப் வாங்கினார். நாலு சில்லும் இழுக்கிற, ஏறுவதற்குப் படி வைத்த, கறுத்த, பென்னாம்பெரிய ஜீப். அவர்களுடைய நிலக்கீழ் தரிப்பிடத்தில் அதை விட்டால் ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஒரு சாண்தான் திறக்கும். மகேந்திரன் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கப் பழகிக்கொண்டார்.

மனைவி இந்திரா ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் எதற்கு வாய் திறக்க வேண்டும், எதை அதுவாகவே விழுந்து முறியவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜீப்புடன் முதன்முதலாக அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, அங்கே வாகனம் நிறுத்துமிடத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். மகேந்திரன் கதவைத் திறந்து காட்டினார், பின்பக்கத்தைத் திறந்து காட்டினார், கடைசியில் குனிந்து பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கொளுக்கியையும் காட்டினார்.

"மூன்றரைத் தொன் இழுக்கும்," என்றார்.

கூட்டத்தில் பத்மநாதன் நின்றார். சூக் நகரத்தில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறைக்குப் பொறுப்பானவர். மகேந்திரனைவிட வயதில் இரண்டு குறைவு, சுவிசுக்கு வந்த கணக்கில் எட்டு வருடம் கூட. எப்போதும் சிரித்த முகம். அவர் மகேந்திரனைப் பகிடி பண்ணுகிறாரா, உண்மையாகவே மகிழ்கிறாரா என்று இருபது வருடமாக மகேந்திரனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சோக்கான வாகனம் அண்ணை," என்றார் பத்மநாதன். "எதை இழுக்கப் போறியள்?"

எல்லோரும் மகேந்திரனைப் பார்த்தார்கள். அவருக்கு இழுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் வாய் இருந்ததே.

"கரவன்," என்றார். "குளிர்காலத்தில மலைக்கு ஏத்தப் போறன். வெள்ளையள் போறமாதிரி."

யானை வாங்கியவன் அங்குசம் வாங்க மறந்த கதை கேட்டிருக்கிறோம். மகேந்திரன் அங்குசம் வாங்கிவிட்டு யானை தேடினார். ஐப்பசியில் கண்டுபிடித்தும் விட்டார். கணவனை இழந்த ஒரு சுவிஸ் அம்மா தன் வீட்டுப் பின்வளவில் நின்ற கரவனை விற்கப் போட்டிருந்தார். சில்லு வைத்த குட்டி வீடு. வெள்ளை நிறம், இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, அலுமாரியளவு கழிப்பறை. பத்திரங்களைக் கொடுக்கும்போது அந்த அம்மா, "உங்களிடம் பி-ஈ இருக்கிறதுதானே?" என்று கேட்டார். மகேந்திரன், "யா, யா," என்று தலையாட்டினார். காப்புறுதி வகையாக்கும் என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இந்திராதான் விளங்கப்படுத்தினாள்.

"உங்கட லைசென்சில B மட்டும்தான் இருக்கு. ஜீப்பும் கரவனும் சேர்ந்தா நாலரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். அதுக்கு BE வேணும். தனிச் சோதினை."

"அப்ப பத்மநாதனிட்டை இருக்கோ?"

"அவர் 2003க்கு முன்னம் லைசென்ஸ் எடுத்தவர். அவைக்குச் சோதினை இல்லாமலே அது கிடைச்சது."

மகேந்திரன் லைசென்ஸ் எடுத்தது 2007இல். நாலு வருடப் பிந்தல். இந்த நாடு தனக்குச் செய்த ஓரவஞ்சனைகளின் பட்டியலில் இதையும் அவர் சேர்த்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

இந்திரா கைப்பையிலிருந்து தன் லைசென்சை எடுத்து மேசையில் வைத்தாள். B-க்குக் கீழே BE இருந்தது. அவள் தோட்டங்கள் அமைக்கும் ஒரு நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். மண், கல், சின்னக் கிண்டு இயந்திரம் எல்லாவற்றையும் இழுவைப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்காக நிறுவனமே அவளைப் படிக்க அனுப்பியிருந்தது. முதல் தரமே சித்தியடைந்தாள்.

"எனக்கு நீ சொல்லேல்லையே!"

"சொன்னனான். நாலு வருஷத்துக்கு முன்னம். நீங்கள் கிரிக்கெற் பாத்துக்கொண்டு இருந்தனியள். 'நல்லது, கதவைச் சாத்து, குளிருது' எண்டு சொன்னியள்."

நியாயமான மனிதன் என்றால் இத்துடன் இரண்டு வழி. ஒன்று, தானும் போய்ச் சோதனை எடுப்பது. மற்றது, மனைவி ஓட்டுவாள் என்று உலகத்துக்குச் சொல்வது. முதலாவதில் ஒரு ஆபத்து இருந்தது: தோற்றால் ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதை மகேந்திரன் எண்ணிப் பார்க்கவேயில்லை. அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். கரவனை அது நின்ற வளவிலேயே ஜீப்பில் கொளுவி, தரித்து நின்றபடியே ஓட்டுநர் இருக்கையில் கறுப்புக் கண்ணாடியுடன் இருந்து இந்திராவைக் கொண்டு பன்னிரண்டு படம் எடுப்பித்தார். அதில் நல்லதாக மூன்றைத் தெரிந்து கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நத்தார் விடுமுறைக்கு லென்சர்ஹைடே மலை நோக்கி" என்று அடியில் எழுதினார். நாற்பத்திரண்டு பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். பத்மநாதன் மட்டும் எழுத்தில் பதில் போட்டார்: "நாங்களும் அந்தப் பக்கம் ஒரு வீடு எடுத்திருக்கிறம் அண்ணை. வழியில நிண்டு வீடியோ எடுக்கிறன்."

மார்கழி இருபத்தேழு காலையில் புறப்பட்டார்கள். இந்திரா ஓட்டினாள். மகேந்திரன் பக்கத்தில் இருந்து ஆலோசனை வழங்கினார். "இடப்பக்கம் பார்." "லொறி வருது." "மெதுவா." "கொஞ்சம் விரைவாப் போனாத்தான் என்ன?" இந்திரா வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். கூர் நகரம் வரைக்கும் வீதி காய்ந்திருந்தது. அங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலை ஏறத் தொடங்கியதும் பனி கொட்டத் தொடங்கியது. முதலில் மா அரிப்பதுபோல. பிறகு ஆரோ மேலே நின்று சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்ததுபோல.

"சூர்வால்டனுக்கு முன்னம் பெற்றோல் அடிக்கிற செற் ஒண்டு இருக்காம்," என்றார் மகேந்திரன். "பத்மநாதன் அதிலதான் நிப்பார்."

"நிக்கட்டும்."

"அதுக்கு முன்னம் நாங்கள் இடம் மாறுவம்."

இந்திரா கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினாள். "மாற ஏலாது."

"முந்நூறு மீற்றர்தானே? மனிசன் அந்த இடத்தில மட்டும் என்னைப் பாத்தாப் போதும்."

"முந்நூறு மீற்றருக்கும் அதே சட்டம்தான். பிடிச்சா உங்கட B-யும் போகும்."

"ஆர் பிடிக்கப் போறான், இந்தப் பனிக்குள்ள?"

இந்திரா, சில்லுகளுக்குப் பனிச்சங்கிலி மாட்டுவதற்கென்று வீதியோரமாய் ஒதுக்கியிருந்த ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். நாலு சில்லும் இழுக்கிற வாகனத்துக்குச் சங்கிலி தேவையில்லை என்று மகேந்திரன் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பின்னால் ஒன்றரைத் தொன் இருக்கும்போது தேவை என்று இந்திரா ஒரே வசனத்தில் முடித்துவிட்டு இறங்கினாள். வேலையிடத்துக் கையுறையைப் போட்டுக்கொண்டு பனியில் முழந்தாளிட்டு, கால் மணித்தியாலத்தில் சங்கிலிகளை மாட்டி முடித்தாள். அதற்கிடையில் மகேந்திரன் ஒருதரம் இறங்கி, "இறுக்கமா இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, குளிர் தாங்காமல் மறுபடி ஏறிக்கொண்டார். உள்ளே சூடு போகக்கூடாதென்று எஞ்சினை நிறுத்தவில்லை.

இந்திரா தூரிகையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கரவனின் பின்விளக்குகளைப் பனி மூடியிருந்தது. அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? நான் ரெடி. யோகாம்பாளும் நிக்கிறா. கை விறைக்குது."

"இந்தா வாறன், ரெண்டு நிமிஷம்," என்றார் மகேந்திரன்.

வாறன் என்று சொன்னாரே தவிர, வாறம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு எழுத்தே அவரைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் போட்டது என்று சொல்லலாம். கியர்ப்பிடியைத் தாண்டிக் காலைப் போட்டு, மேல்சட்டை அதில் கொளுவ, ஒருபடியாக இருந்து, கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். மெதுவாக மிதித்தார். ஜீப் நகர்ந்தது. கரவனும் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் இந்திரா தெரிந்தாள். தூரிகை பிடித்த கை, துடைக்கப் போன விளக்கு இல்லாமல், அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் சின்னனாகிக்கொண்டே போனாள்.

உண்மையைச் சொன்னால், முதல் இருநூறு மீற்றரும் மிக நன்றாகவே போனது. சங்கிலி பனியைக் கடித்துக் கடித்து ஏறியது. 'இதுக்கு ஒரு சோதினையாம்' என்று மகேந்திரன் நினைத்தார். வளைவு திரும்பியதும் பெற்றோல் செற் தெரிந்தது. பனிக்குள்ளே பத்மநாதன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி யோகாம்பாள் சிவப்புக் குடையுடன்.

மகேந்திரன் கண்ணாடியை இறக்கினார். இடக்கையை வெளியே நீட்டி, தேர் இழுக்கும் சனத்துக்குக் கையாட்டும் தர்மகர்த்தாவைப்போல ஆட்டினார். படம் தெளிவாக விழட்டும் என்று பிறேக்கையும் ஒருதரம் அழுத்தினார்.

ஜீப் நின்றது. கரவனுக்குப் படம் எடுக்கிற விஷயம் தெரியாது. அது வந்த வேகத்திலேயே வந்தது. பின்னாலிருந்து ஆரோ இடுப்பில் இடித்துத் தள்ளியதுபோல ஜீப் ஒருபக்கம் திரும்ப, கரவன் மறுபக்கம் திரும்பி, வீதியின் ஓரம் தெரிவதற்காக நாட்டியிருந்த பனிக்கம்பு ஒன்றைச் சாய்த்துவிட்டு வீதியைக் குறுக்கே அடைத்துக்கொண்டது. மேலேயிருந்து இறங்கி வந்த மஞ்சள் போஸ்ட் பஸ் பத்து மீற்றருக்கு அப்பால் நின்றது. கீழிருந்து ஏறியவர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பனிச்சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்டிய கார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். ஒருவராவது ஏசியிருந்தால் மகேந்திரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முன்னுக்கு எடுத்தால் வேலி. பின்னுக்கு எடுத்தால் பள்ளம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கரவன் அதற்கு எதிர்ப்பக்கம் போனது. மூன்றுதரம் முயன்றுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டார்.

இந்திரா நடந்து வந்தாள். கையில் இன்னும் தூரிகை இருந்தது. தலைமயிரில் பனி. கதவைத் திறந்தாள்.

"இறங்குங்கோ."

இறங்கினார். அவள் உடனே ஏறவில்லை. வீதியோரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து, சறுக்காமல் இருக்கப் போடும் குறுணிக்கல்லை வாளியில் அள்ளி கரவனின் சில்லுகளுக்கு அடியில் கொட்டினாள். போஸ்ட் பஸ் சாரதி இறங்கி வந்து இன்னொரு வாளி கொட்டினார். பிறகு அவள் ஏறி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி, விரலளவு விரலளவாக எடுத்தாள். ஒருதரம் பின்னுக்கு. ஒருதரம் முன்னுக்கு. மறுபடி பின்னுக்கு. ஐந்தாம் நிமிடம் கரவன் ஜீப்புக்கு நேர் பின்னால் வந்து நின்றது. பஸ் சாரதி பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பஸ்ஸுக்குள் சிலர் கைதட்டியதும் கேட்டது. அவள் வண்டியைப் பெற்றோல் செற்றுக்குள் கொண்டுபோய் ஓரமாக விட்டாள்.

மகேந்திரன் பின்னால் நடந்து போனார். இவ்வளவுடன் முடிந்திருந்தால் வெட்கத்துடன் போயிருக்கும். ஆனால் மேலேயிருந்து ஒரு பொலிஸ் கார் வந்தது.

பொலிஸ்காரன் இளைஞன். மரியாதையாக வணக்கம் சொன்னான். சாய்ந்த கம்பைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான், கரவனைப் பார்த்தான்.

"வழுக்கியபோது ஓட்டியது யார்?" என்று டொச் மொழியில் கேட்டான்.

மகேந்திரனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதமாக, 'நான்தான் ஓட்டுறன்' என்று ஊர் முழுக்கப் பறையடித்தவர். ஒருமுறை, ஒரேயொருமுறை, அது உண்மையாகவும் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியாமல் போனது. இந்திரா ஓட்டினாள் என்றால் சிக்கலே இல்லை. அவளிடம் BE இருக்கிறது. பனியில் வழுக்குவது ஒரு குற்றமும் இல்லை. வண்டி ஓரம் கட்டியதும் பெற்றோல் செற் கடைக்குள்ளே போன பத்மநாதனும் இன்னும் வரவில்லை, யோகாம்பாளுக்குக் கோப்பி வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"என் மனைவி," என்றார் மகேந்திரன்.

இந்திரா அவரைப் பார்த்தாள். தன் லைசென்சை எடுத்து நீட்டினாள். பொலிஸ்காரன் இருபுறமும் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கவனமாகப் போங்கள், திருமதி," என்று திருப்பிக் கொடுத்தான். மகேந்திரன் மூச்சை விட்டார். முருகன் கைவிடவில்லை என்றுதான் நினைத்தார்.

அப்போது பத்மநாதன் வந்து சேர்ந்தார். ஒரு கையில் கோப்பி, மறுகையில் தொலைபேசி. பொலிஸ்காரன் 'திருமதி'யைக் கவனமாகப் போகச் சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது.

"இல்லை இல்லை," என்றார் பத்மநாதன், சுத்தமான சுவிஸ் டொச்சில். "ஓட்டினது இவர். என் நண்பர். அருமையாக ஓட்டி வந்தார், பனிதான் சரியில்லை. பாருங்கள், என்னிடம் வீடியோ இருக்கிறது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வீடியோ நன்றாகவே வந்திருந்தது. நீட்டிய கை தெரிந்தது, கறுப்புக் கண்ணாடி தெரிந்தது, முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன. பொலிஸ்காரன் அதை இரண்டாம் தரமும் போடச் சொன்னான். பிறகு கையை நீட்டினான்.

"உங்கள் லைசென்ஸ், ஐயா."

பத்மநாதன் நண்பனின் மானத்தைக் காக்க வந்தாரா, கப்பலேற்ற வந்தாரா என்பது இன்றுவரைக்கும் தெரியாது. யோகாம்பாளைக் கேட்டாலும், "அவர் அப்பிடித்தான்," என்பாளே தவிர மேலே சொல்லமாட்டாள். பொலிஸ்காரன் எல்லாவற்றையும் எழுதி எடுத்து, கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிச்சத் தூரமும் இந்திராவே ஓட்டினாள். மகேந்திரன் ஒரு ஆலோசனையும் வழங்கவில்லை. கரவன்கள் நிறுத்துமிடத்தில் முழங்கால் பனிக்கு நடுவே அவர்களுக்கென்று ஒரு சதுரம் வழித்து வைத்திருந்தார்கள். மின்சாரம் கொளுவி, வாயு திறந்து, உள்ளே சூடு ஏறியதும் இந்திரா தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றியது ஒரு கோப்பை மட்டும். அதை அவளே குடித்தாள்.

"நான் எடுத்திருக்கக் கூடாது," என்றார் மகேந்திரன் கடைசியில். "பிழைதான்."

"ஓம், பிழைதான்," என்றாள். "அது சும்மா மடைத்தனம். அதை நான் விட்டிடுவன். ஆனா அந்தப் பெடியன் ஆர் ஓட்டினது எண்டு கேக்க, என்னைக் காட்டினியளே. நல்லாப் போகேக்க நீங்கள், குறுக்க விழுந்தா நானோ?"

மகேந்திரன் பதில் தேடினார். கரவன் சின்ன இடம். தேடுவதற்குக்கூட ஒரு மூலை இல்லை.

"அந்த நேரம் வாயில அதுதான் வந்தது," என்றார்.

"தெரியும். அதுதான் கவலை."

அந்தக் கிழமை முழுக்க அவள் அவருடன் சண்டை பிடிக்கவில்லை. தேவையானதைக் கதைத்தாள். கழிப்பறைப் பெட்டியை வெறுமையாக்கும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுத்தாள். காலையில் எட்டு மணிக்கு, பூச்சியத்துக்குக் கீழே பதினாலு பாகையில், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகேந்திரன் இருநூறு மீற்றர் நடப்பார். வழியெல்லாம் சுவிஸ்காரர்கள் தங்கள் தங்கள் பெட்டிகளுடன் எதிர்ப்பட்டு, "குட்டன் மொர்கன்" சொல்வார்கள். வெள்ளையள் போறமாதிரி என்று அவர் கேட்டது இதைத்தான் என்றால், அது முழுமையாகவே கிடைத்தது. இந்திரா இரண்டாம் நாள் சறுக்குப்பலகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கரவன் பெண்மணி ஒருத்தியுடன் சமவெளிச் சறுக்கலுக்குப் போய்விட்டாள். பின்னேரம் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் மகேந்திரன் கேட்காமலே கோழிக்கறியும் புட்டும் செய்து வைத்திருந்தார். அவள் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது," என்றாள். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றினாள்.

மாசியில் கடிதம் வந்தது. தண்டப்பணமும், மூன்று மாதம் லைசென்ஸ் பறிமுதலும். ஜீப்பை இந்திரா வேலைக்குக் கொண்டுபோனாள். மகேந்திரன் பஸ்ஸில் போனார். நாலு கிலோமீற்றருக்குப் பஸ் பதினொரு நிமிடம் எடுத்தது. ஜீப் பன்னிரண்டு எடுத்தது என்பதை அவர் வெளியில் சொல்லவில்லை.

ஊருக்கு என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. வீடியோ பத்மநாதனிடம் இருந்து எத்தனை பேருக்குப் போயிற்று என்று தெரியாது. பங்குனியில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், சூரிச்சிலிருந்து வந்த இரவீந்திரன் என்பவர் தட்டுடன் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அண்ணை, உங்களிட்டைக் கரவன் இருக்காமே. நீங்களே ஓடுறியளோ?"

மகேந்திரன் வடையைப் பிட்டார். சாம்பாரில் தோய்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ர மனிசிதான் ஓடுறவ. BE லைசென்ஸ். முதல்தரமே பாஸ். எங்கட ஆக்களுக்குள்ள எத்தினை பொம்பிளையளிட்டை அது இருக்கு, சொல்லும் பாப்பம்? நான் அப்பவே சொல்லிப்போட்டன், நீ படி, வீட்டை நான் பாக்கிறன் எண்டு. ஆம்பிளையள் நாங்கள் கொஞ்சம் விட்டுக்குடுக்க வேணும் ரவீந்திரன்."

"பெரிய மனசு அண்ணை. அப்ப நீங்கள்?"

"நான் மேற்பார்வை."

இரண்டு கதிரை தள்ளியிருந்த இந்திராவுக்கு எல்லாம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை கழுவி, கோட்டை எடுத்துப் போட்டாள். ஜீப் சாவி அவள் விரலில் தொங்கியது.

"இஞ்சருங்கோ, நான் வெளிக்கிடுறன்," என்றாள் வாசலில் நின்று. "வாறதெண்டா வாங்கோ. இல்லாட்டி பத்தேகாலுக்கு ஒரு ரயில் இருக்கு."

மகேந்திரன் பாயாசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார்.